கூட்ரோட்டைத் தாண்டிய வண்டி

பாபு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். நீ வேலை பார்க்கிற ஒர்க்ஷாப் ரெண்டு தெரு தள்ளி. இந்நேரம் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு நட்டு கழற்றிக்கொண்டிருப்பாய். ஆள் அனுப்பினால் அஞ்சு நிமிஷத்தில் வந்து நிற்பாய். ஆனாலும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் பேசினால் நான் கோபப்படுவேன், நீ எழுந்து போய்விடுவாய், நம் ரெண்டு பேருக்கும் அது கைவந்த கலை. இன்று எனக்கு ஃபேக்டரி லீவு. காலையிலிருந்து நாலு வரி எழுதுவதும், எழுந்து போய் ரோட்டைப் பார்ப்பதும், திரும்பி வந்து உட்காருவதுமாக இருக்கிறேன். செல்வி ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, கால்ல சக்கரம் கட்டிக்கினு கீறீங்களா" என்று கேட்டுவிட்டாள். கணக்கு எழுதுகிறேன் என்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

முந்தாநாள் சாயந்திரம் டீக்கடையில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று நீ பேசக் கூடாது. "வியாழக்கெழம பம்பாய் ரயில் ஏறுறேன் நைனா. அங்கேர்ந்து துபாய். விசா வந்துட்ச்சி. செல்விக்கு ஒண்ணும் தெரியாது. பம்பாய்ல ஒரு வண்டி எடுத்துக்கினு வரப் போறேன், பத்து நாள்ல வந்துருவேன்னு சொல்லி வெச்சிக்கீறேன். ரயில் கெளம்பினப்புறம் நீ சொல்லிடு." ஏன்டா நீயே சொன்னால் என்ன என்று கேட்டேன். "அவ அழுவா. அழுதா என்னால போவ முடியாது" என்றாய். எத்தனை வருஷம் என்று கேட்டேன். "தெரியல நைனா" என்று ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். உன் பெண்டாட்டிக்கு இப்போது அஞ்சு மாசம். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தேன். நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். போகும்போது திரும்பி நின்று, "துபாய்ல அந்த ஷெட்ல பெரிய பெரிய வண்டிங்க லைனா நிக்குமாம் நைனா. நம்ம சோழவரத்துக்கு ஒண்ணு வந்துச்சே, அந்த மாதிரி" என்றாய். உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு நானும் ஒரு நாள் இருந்திருக்கிறேன்.

அந்த வண்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நாம் அப்போது சோழவரத்தில் இருந்தோம், உனக்கு ஏழு வயது. சண்டைக் காலத்தில் ஏரோப்ளேன் இறங்கின பழைய ஓடுபாதையில் வருஷா வருஷம் கார் ரேஸ் நடக்கும். அந்த நாட்களில் பர்னபாஸ் மேஸ்திரியின் ஒர்க்ஷாப்பில் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்த வருஷம் ரேஸ் பார்க்க வந்த ஒரு எஸ்டேட் முதலாளி தன் வண்டியை எங்களிடம் கொண்டுவந்து விட்டார். கரும்பச்சை நிறம், நீளமான மூக்கு, ரெண்டே கதவு. பின் சக்கரத்தில் பேரிங் போய், ஓடும்போது ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "ரேஸ்ல ஓடுமா சார்" என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "ரேஸ் வண்டி எவ்வளவு வேகமா போனாலும் சுத்திச் சுத்திக் கிளம்பின இடத்துக்கே தானப்பா வரும். இது தூரம் போறதுக்குன்னே செஞ்சது. கிராண்ட் டூரிங்னு சொல்வாங்க. காலையில ஒரு ஊர்ல காபி குடிச்சிட்டு, ஐநூறு மைல் தள்ளிப் போய் இறங்கினாலும் சட்டை கசங்காது" என்றார். சொல்லிவிட்டு அவர் டாக்சி பிடித்துப் போய்விட்டார். அந்தச் சொல் என்னிடம் தங்கிவிட்டது.

மதராஸில் தேடி அலைந்து பேரிங் கிடைக்கப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் நானாக இல்லை. உனக்கு வண்டி தெரியும், அதனால் சொன்னால் புரியும். நாம் பார்க்கிற அம்பாசிடரும் லாரியும் கதவைச் சாத்தினால் தகரம் அலறும். இது சாத்தினால் பெட்டியில் துணி வைத்து மூடின மாதிரி ஒரு சத்தம், அதோடு வெளியில் இருக்கிற உலகம் நின்றுவிடும். உள்ளே தோல் வாசனை. மரப் பலகையில் ஏழெட்டு மீட்டர். வேலை இல்லாத நேரத்தில் சும்மா உள்ளே போய் உட்காருவேன். கை ஸ்டியரிங் மேல் இருக்கும், கண் ஷெட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து வண்டிக்கு அடியில் படுத்து வளர்ந்தவன் நான். நான் சரி செய்த வண்டிகள் எங்கெங்கேயோ போயின, நான் மட்டும் அதே எண்ணெய்த் தரையில் கிடந்தேன் என்று அந்தப் பத்து நாளில்தான் முதல்முதலாகத் தோன்றியது. உன் அம்மா கேலி பண்ணுவாள். "பாய கொண்டாந்து அந்த வண்டியாண்டயே போட்டுக்கினு படுத்துக்கோ, நான் இன்னா வோணாம்னா சொல்லப் போறேன்" என்பாள். தனத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, பாபு. இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சோறு இருந்தது, வேலை இருந்தது. ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. காரணம் இருந்திருந்தால் சரி செய்திருப்பேன்.

பேரிங் மாட்டின அன்று மத்தியானம் ட்ரையல் பார்க்க வேண்டும். எங்கள் மேஸ்திரியிடம் அதற்கு ஒரு முறை உண்டு. ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு வரை ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும், அதற்கு மேல் ஒரு அடி கூடாது. பின் பக்கத்துச் சத்தம் என்றால் பின் சீட்டில் ஒருவன் காதை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், ஓட்டுகிறவனுக்கு அது கேட்காது. ஆனால் இந்த வண்டியின் பின் சீட்டு பேருக்குத்தான் சீட்டு, அதில் பெரியவன் எவனும் நுழைய முடியாது. அந்த நேரம் பார்த்து நீ எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு வந்தாய். "உம்புள்ளய குந்த வெச்சிக்கினு போடா" என்றார் மேஸ்திரி. நான் மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்புப் போட்டு மறுபடி கழுவி, நகக்கண்ணைக்கூடச் சுரண்டிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். உன்னைப் பின்னால் படுக்க வைத்து, காதைச் சீட்டில் வைக்கச் சொன்னேன். "உய்ய்னு முனகற சத்தம் கேட்டா மட்டும் சொல்லு. வேற ஒரு பேச்சு பேசக் கூடாது, தெரிதா? பேசினா எனக்கு வண்டி சத்தம் தெரியாது" என்றேன். நீ தலையாட்டினாய்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன் கல்யாணத்தில்கூட உன் சிநேகிதர்களிடம் சொன்னாய், நான் பந்தியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்க நைனா என்னை அந்த வண்டியில் ஆந்திரா வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார், பூரி வாங்கிக் கொடுத்தார், அன்றைக்குத்தான் எனக்கு வண்டிப் பைத்தியம் பிடித்தது என்று. உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இத்தனை வருஷமாக நான் அதைத் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன்.

காரனோடைப் பாலம் தாண்டும் வரை நான் மெக்கானிக்காகத்தான் ஓட்டினேன். அப்புறம் காலை லேசாக அழுத்தினேன். அந்த வண்டி குதிக்கவில்லை, உறுமவில்லை, புளிய மரங்கள் மட்டும் பின்னால் போயின. கூட்ரோடு வந்தது. திரும்ப வேண்டிய இடம். இன்னும் ஒரு மைல் பார்க்கலாம் என்று நினைத்தேன். தச்சூர் போனது, கவரைப்பேட்டை போனது. நாம் இப்போது இருக்கிற கும்மிடிப்பூண்டியில் அப்போது இந்த ஃபேக்டரிகள் எதுவும் கிடையாது, வெறும் பொட்டல், அதையும் தாண்டினேன். ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையில் நின்றன. என் வண்டியைப் பார்த்ததும் கம்பம் தானாக மேலே போனது, காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் சல்யூட் அடித்தார். என் ஜென்மத்தில் எனக்கு யாரும் சல்யூட் அடித்ததில்லை. தடா வந்தபோது மனதுக்குள் ஒரு வாக்கியம் தெளிவாக வந்து நின்றது. திரும்பிப் போகாவிட்டால் என்ன. நெல்லூர் இருக்கிறது, விஜயவாடா இருக்கிறது, கல்கத்தா இருக்கிறது. வண்டியை எங்கேயாவது விட்டுவிட்டு நான் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், என் கையில் தொழில் இருக்கிறது. தனம் சமாளித்துக்கொள்வாள், அவளுக்குப் பையன் இருக்கிறான், அவன் வளர்ந்து அவளைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து ரோடு வரை போய் வந்தேன். புரிகிறதா உனக்கு? நீ எனக்கு ஒரு முழம் பின்னால் படுத்திருந்தாய். நானோ உன்னைச் சோழவரத்தில் உன் அம்மாவோடு வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உன்னை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை, பாபு. உன்னை மறந்துவிட்டேன். நான் சொன்ன சொல்லை நீ காப்பாற்றினாய். முனகல் கேட்டால் மட்டும் பேசச் சொன்னேன், நான் வேலையை அவ்வளவு சரியாகச் செய்திருந்தேன், முனகல் வரவே இல்லை. சூலூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நைனா, சத்தம் ஒண்ணும் வரல. இன்னும் கேட்டுக்கினே இருக்கணுமா?"

வண்டியை ஓரம் கட்டினேன். கதவைத் திறந்து, முன் சீட்டைச் சாய்த்து உன்னை வெளியே எடுத்தபோது உன் டிராயர் நனைந்திருந்தது. எப்போதோ நனைந்து பாதி காய்ந்திருந்தது. "ஏன்டா சொல்லல" என்றேன். "பேசக் கூடாதுன்னியே" என்றாய். நான் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் காக்கிச் சட்டையைக் கழற்றி அந்தத் தோல் சீட்டைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அழுகை வந்தது, நீ பார்த்துவிடப் போகிறாய் என்று தலையை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சூலூர்பேட்டையில் பனியனோடு போய் உனக்குப் பூரி வாங்கிக் கொடுத்தேன். உன்னை முன் சீட்டில் உட்கார வைத்து, முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகாமல் திரும்பினேன். நீ மீட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாய். நீ எல்லோருக்கும் சொல்கிற அந்தப் பயணம் முழுக்க இந்தத் திரும்பி வந்த பாதிதான்.

சரியாக விளக்கு வைக்கிற நேரம். ஜனப்பன்சத்திரம் கூட்ரோட்டில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். உன்னைக் காணோம் என்று ஒர்க்ஷாப்புக்கு வந்து, அங்கிருந்து நடந்தே கூட்ரோடு வரை வந்து, வருகிற லாரிக்காரனை எல்லாம் நிறுத்தி எங்கேயாவது பச்சை வண்டி கவிழ்ந்து கிடக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். "எங்க போன?" என்றாள். "பங்க்சர் ஆய்ட்ச்சி. டயர் மாத்திக்கினு வரதுக்கு நேரமாய்ட்ச்சி" என்றேன். அவள் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு என் ரெண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மெக்கானிக் பெண்டாட்டி அவள், டயர் மாற்றின கை எப்படி இருக்கும் என்று தெரியாதா. என் கை ஆபீசர் கை மாதிரி சுத்தமாக இருந்தது. உன்னை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வண்டியில் ஏறு என்று எத்தனையோ கெஞ்சினேன், ஏறவில்லை. அவள் பின்னாலேயே வண்டியை ஊர விட்டுக்கொண்டு சோழவரம் வரை போனேன். மேஸ்திரி அன்றைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்தினார். அது நியாயம். அந்த எஸ்டேட் முதலாளி மீட்டரைப் பார்த்துவிட்டுத் திட்டவே இல்லை, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கு என்ன ஆனது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் உன் அம்மா அதைப் பற்றிக் கேட்டதே கிடையாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நானாகச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். ஆனால் அவள் ஒன்று செய்தாள். அன்றிலிருந்து நான் எங்கே கிளம்பினாலும், சைக்கிளை எடுத்தாலும், பொன்னேரிக்குச் சாமான் வாங்கப் போனாலும், முடி வெட்டிக்கொள்ளப் போனாலும், வாசலில் வந்து நின்று, "புள்ளய கூட்டிக்கினு போ" என்பாள். எங்க நைனா என்னை விட்டுட்டு எங்கேயும் போனதில்லை என்று நீ பெருமையாகச் சொல்வாயே, அது என் பாசம் இல்லை, பாபு. அது உன் அம்மாவின் பயம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் படுத்திருந்தபோது, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நான் எழுந்தேன். கண்ணைத் திறக்காமலே, "புள்ளய கூட்டிக்கினு போ" என்றாள். உனக்கு அப்போது மீசை முளைத்துவிட்டது. நீ சிரித்துவிட்டாய். நான் வராந்தாவில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு நாள் சொல்லாமல் போனதற்கு அவள் சாகிற வரை என்னை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

துபாய்க்குப் போகாதே என்று இதை எழுதவில்லை. போ. அந்த வண்டிகளைத் தொட்டுப் பார், திறந்து பார், ஓட்டியும் பார். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. இன்றைக்கும் இந்த ரோட்டில் எப்போதாவது அப்படி ஒரு வண்டி போனால், கையில் இருக்கிற சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் நிற்கிறேன். அந்த ஆசை ஒரு நாளும் தப்பில்லை. அப்படி ஒரு வண்டியைச் செய்தவன் அந்த ஆசையை நினைத்துத்தானே செய்திருப்பான். ஆனால் அந்த வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் பின்னால் இருப்பவர்கள் இல்லாமலே போய்விடுகிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்தவன். நான் திரும்பினேன் என்றால் நல்லவன் என்பதால் இல்லை. நீ வாய் திறந்தாய், அதனால் திரும்பினேன். நீ அந்த வண்டியில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்று வரை தெரியாது. இத்தனை வயதுக்குப் பிறகும் அதை நினைத்தால் உட்கார முடியவில்லை.

அதனால் நீ கேட்டதை நான் செய்ய மாட்டேன். வியாழக்கிழமை ரயில் கிளம்பினப்புறம் செல்வியிடம் போய் நின்று உனக்காக நான் பேச மாட்டேன். அவள் அழுவாள், ஆமாம். அழுகிற முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். எத்தனை வருஷம், எப்போது வருவாய், பிரசவத்துக்கு யார் இருப்பார்கள் என்று கேட்பாள். தெரியாது என்றால் தெரியாது என்று அவளிடமே சொல். போக வேண்டாம் என்று அவள் சொன்னால், அதையும் நீயே கேட்டுக்கொள்.

இன்னொன்றும் செய்துவிட்டேன், அதற்கு நீ என்னைத் திட்டுவாய். கொஞ்சம் முன்னால் செல்வி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "பாபு உன்னாண்ட ஒரு விஷயம் சொல்லணும்மா, இன்னிக்கு வந்து சொல்லுவான்" என்று சொல்லிவிட்டேன். "நல்ல விஷயமா மாமா?" என்று கேட்டாள். "அத அவனாண்டயே கேளு" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இந்தக் காகிதத்தை உன் டூல்ஸ் பெட்டி மேல் வைத்துவிட்டு நான் நிற்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிடுவேன், நீ என்னைத் தேடாதே. அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, வாசலுக்கு நேரே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முறத்தில் அரிசி இருக்கிறது. அதில் கல் ஒன்றும் கிடையாது, காலையிலேயே பொறுக்கிவிட்டாள். கை மட்டும் அளைந்துகொண்டிருக்கிறது. ஒரு சைக்கிள் மணி கேட்டாலும் நிமிர்ந்து பார்க்கிறாள்.